நூற்றுப் பதினான்காம் எண் கேக்

ஹேவர்பிரிட்ஜ்,
1887 ஜூன் 25, சனிக்கிழமை.

மதிப்பிற்குரிய அக்கா லவீனியாவுக்கு, தம்பி ஆம்ப்ரோஸ் டிட்மார்ஷ் பணிவன்புடன் எழுதுவது. உங்கள் மூட்டு வலி தணிந்திருக்கும், பூனை நலமாயிருக்கும் என்று நம்புகிறேன். சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நான் வேறெங்காவது போய்விடுவேன்.

1. நான் நலம். ஈஸ்டரன்று தேவாலயக் கூடத்தில் நாமிருவரும் கையெழுத்திட்ட மதுவிலக்குச் சபதத்தை ஒரு சொட்டளவும் மீறவில்லை.
2. போன வாரம் நீங்கள் அனுப்பிய கேக், கண்காட்சியில் முதல் பரிசு பெற்றது.
3. மூன்று மணி நேரத்தில் அந்தப் பரிசு போய்விட்டது.
4. போனதற்குக் காரணம் நான். உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

மகாராணியாரின் ஐம்பதாம் ஆண்டு விழாவையொட்டி எங்கள் ஊர்ச் சந்தை மண்டபத்தில் குடியேற்ற நாடுகளின் கண்காட்சி நடப்பதையும், பொருள்களுக்கு எண் சீட்டு எழுதும் வேலையை என்னிடம் கொடுத்திருப்பதையும் முன்பே எழுதியிருந்தேன். நாற்பது வருடம் லத்தீன் இலக்கணம் நடத்தியவனுக்கு இது பொருத்தமான வேலைதான் என்று நினைத்தேன். சரியாக நினைத்தேனா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது. மண்டபக் காவலர் கட்ஜ் ஒரே ஒரு கொள்கை உடையவர். எண் இருந்தால் அது காட்சிப் பொருள், எண் இல்லாவிட்டால் குப்பை. முதல் நாளே என் தொப்பி குப்பை வண்டியில் போயிற்று. மறுநாள் முன்னெச்சரிக்கையாகக் குடையில் 61 என்று ஒட்டிவைத்தேன். அது இன்றும் பர்மா ஈட்டிகளுக்கு நடுவில் நிற்கிறது. நேற்றுக்கூட இரண்டு பெண்மணிகள் அதைப் பார்த்து நடுங்கினார்கள். திருப்பிக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இதிலிருந்து நான் பாடம் கற்றிருக்க வேண்டும். வியாழக்கிழமை நடுவர்கள் வரும் நாள். உங்கள் கேக்கை மதிய உணவுக்காகக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். கட்ஜ் துடைப்பத்தோடு வருவதைக் கண்டதும், அப்போது சும்மா கிடந்த 114 என்ற சீட்டை எடுத்து அரை மணி நேரத்துக்கு மட்டும் அதன்மேல் செருகினேன். 114 கரிபியன் கடலிலுள்ள செயின்ட் ஆஸ்வின் தீவின் கேக்குக்கென்று ஒதுக்கிய எண். கப்பல் தாமதமானதால் பொருள் வந்து சேரவில்லை. நான் மை வாங்கிவரப் போனேன். திரும்பி வந்தபோது கட்ஜ் எண்ணைப் பார்த்து உங்கள் கேக்கைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். தீவிலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய பாஸ்கம் அம்மாள், தன் கேக்கை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, என் இடத்துல யாரோ செங்கல்ல வெச்சிருக்காங்க," என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கர்னல் ஹாபர்ட்டனின் தலைமையில் நடுவர்கள் வந்துவிட்டார்கள். அக்கா, அந்தக் கர்னலின் குரலைக் கேட்டால் எனக்குப் பள்ளி ஆய்வாளர் ஞாபகம் வரும். நான் பஞ்சடைத்த கங்காருவின் பின்னால் போய் நின்றுகொண்டேன். கர்னல் உங்கள் கேக்கில் கத்தியை வைத்தார். கத்தி வளைந்தது.

"பாத்தீங்களா," என்றார் மற்றவர்களிடம், "மூணு வாரம் கப்பல்ல வந்திருக்கு, ஒரு மூலைகூட உடையல. நம்ம சிப்பாய்க்கு வேண்டியது இதுதான். பசிச்சா தின்னலாம், சண்டை வந்தா எறியலாம்."

"என் கேக்கு இதோ இருக்கு, ஐயா," என்றார் பாஸ்கம் அம்மாள்.

"எண் இருக்கா அம்மா? எண் இல்லாததப் பாக்கக் கூடாதுன்னு விதி."

விதியை எழுதியவன் நான்தான். பரிசு 114க்கு என்று குறித்துக்கொண்டு அவர்கள் போய்விட்டார்கள்.

விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. மூன்று மணிக்கு மேயர் பதக்கம் வழங்குவார். நான்கு மணிக்கு முதல் பரிசு கேக்கை, செய்தவர் பெயரைச் சொல்லி, லிவர்பூல் வணிகர்களுக்குத் தேநீருடன் பரிமாறுவார்கள். பட்டியலில் 114க்கு எதிரே பாஸ்கம் அம்மாள் பெயர் அச்சாகியிருந்தது. அவருடைய தீவில் பதினாறு குடும்பங்கள் கேக் செய்து பிழைக்கின்றன. வணிகர்களிடம் ஆர்டர் பிடிக்கவே அவரை அனுப்பிவைத்திருந்தார்கள். உங்கள் கேக்கை அந்த வணிகர்கள் கடித்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்தேன். அவர்களில் இருவருக்குப் பொய்ப்பல்.

என் மதிய உணவு பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. நான் பசியோடு விழிப்பதைக் கண்ட பாஸ்கம் அம்மாள், "எண் இல்லாத கேக்கு, தின்னா பாவமில்ல," என்று தன்னுடையதில் ஒரு துண்டு கொடுத்தார். கறுப்பாக, ஈரமாக, தீவின் ஜாதிக்காய் மணத்தோடு இருந்தது. அந்த ஜாதிக்காய் மிகவும் வீரியமானது என்று நினைக்கிறேன், காதுகள் சூடாயின. இன்னும் இரண்டு துண்டு தின்றேன். அதற்குமேல் என் மனசாட்சி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அறுபத்தெட்டு வயதில் முதல்முறையாக அநியாயம் கண்டு பொங்கினேன். கங்காருகூட என்னை ஊக்கத்தோடு பார்ப்பதாகத் தோன்றியது.

மேயர் பதக்கத்தைக் கையில் எடுத்ததும் நாற்காலிமேல் ஏறி நின்றேன்.

"அந்தக் கேக்கு தீவுலேர்ந்து வரல," என்றேன். "ஷ்ராப்ஷயர்லேர்ந்து வந்தது. எங்க அக்கா செஞ்சது. முப்பது வருஷமா செய்றாங்க, இதுவரைக்கும் ஒருத்தரும் தின்னு முடிச்சதில்ல."

இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

"டிட்மார்ஷ், கீழ இறங்குய்யா," என்றார் கர்னல். "பட்டியல்ல அச்சாயிடுச்சு. அச்சுல இருக்கறது எப்படித் தப்பாகும்?"

"உங்க கத்தியக் கேளுங்க, அது சொல்லும்," என்றேன். ஆம், நான்தான் சொன்னேன். குடை என்னுடையது என்றும் சொன்னேன். அதை யாரும் நம்பவில்லை.

கூட்டம் சிரித்தது. பாஸ்கம் அம்மாள் மேடைக்குப் போய், "மெடல் இருக்கட்டும். மொதல்ல ஒரு வாய் தின்னு பாருங்க," என்று மேயருக்கு ஒரு துண்டு நீட்டினார். மேயர் தின்றார். இன்னொன்று கேட்டார். கர்னல் நான்கு துண்டு தின்றுவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாகத் தணிந்த குரலில், தீவுக்குக் கப்பல் எப்போது என்று விசாரித்தார். பதக்கம் பாஸ்கம் அம்மாளுக்கே போயிற்று. வணிகர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்நூறு கேக் கேட்டிருக்கிறார்கள். என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை; என் எண் முறை வேறு யாருக்கும் புரியவில்லையாம்.

ஆகவே அக்கா, தூய மனசாட்சியும் தெளிந்த தலையும் உள்ளவன் எந்தக் கர்னலுக்கும் அஞ்ச வேண்டியதில்லை என்பதை இந்த வயதில் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு நல்ல உறக்கமும் மழையற்ற ஞாயிறுகளும் வாய்க்க ஆண்டவரை வேண்டிக்கொள்ளும்,

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ஆம்ப்ரோஸ்.

பி.கு.: உறையை ஒட்டும் முன் பாஸ்கம் அம்மாள் விடைபெற வந்தார். அந்த ஜாதிக்காய் எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டேன். "ஜாதிக்காயா? மூணு மாசம் எங்க ஊரு ரம்முல ஊறின கேக்கு வாத்தியாரே. ரம் ஊத்தலன்னா அதுக்குப் பேரு ரொட்டி," என்றார். நாற்காலிமேல் ஏறியது எது என்று யோசித்துப் பார்த்தேன். மனசாட்சியைப் பற்றி எழுதியதை அடித்துவிடுங்கள். முதல் எண்ணில் எழுதியதும் தவறு. மூன்று துண்டளவு தவறு.