தட்டு மாற்றும் நேரத்தில் ஒரு பேட்டி

சிலருக்குப் படிப்பு ஏறும், சிலருக்கு ஏறாது. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு. அவர்களுக்குப் படிப்பு மண்டையில் ஏறியதோடு நிற்காமல் குடும்பத்தின் மேலும் ஏறி மிதித்துவிடும். நான் அந்த மூன்றாவது ரகம்.

பாகூர்ப் பக்கத்தில் கரும்பு போடும் வீட்டில் பிறந்து, சென்னைப் பட்டணத்துக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் பத்திரிகைத் தொழில் படித்த முதல் ஆள் நான்தான். (கடைசி ஆளும் நான்தான். எனக்குப் பிறகு எங்கள் ஊரில் எந்தத் தகப்பனும் அந்தத் தப்பைச் செய்யவில்லை.) பையன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் அப்பா பாவம், தடுமாறிப் போவார். "பேப்பருக்கு எழுதறதுக்குப் படிக்கிறான்" என்பார். "எழுதறதுக்கா? அதான் அஞ்சாங்கிளாசுலயே எழுதினானே" என்பார் பக்கத்து வீட்டு மாமா. அப்பாவிடம் பதில் இருக்காது. இப்போது யோசித்தால் என்னிடமும் இல்லை.

எங்கள் பேராசிரியர் எங்களுக்கு ஓதிய மந்திரம் ஒன்றே ஒன்று. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. "எதையும் தெரிந்ததாக வைத்துக்கொள்ளாதே. கேள். பதில் வராவிட்டால் திரும்பவும் கேள். கண்ணில் படும் சின்னப் பொருளைக்கூட விடாதே" என்பார். அந்த வருஷம் விடுமுறைக்குக் கிளம்பும்போது ஆளுக்கொரு பேட்டி எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எனக்குக் கொடுத்தது: ஊரில் ஒரு பெரியவரைப் பிடித்து, பிரெஞ்சுக்காரன் போய் எங்கள் பக்கம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு வாழ்க்கை எப்படி மாறியது என்று கேட்க வேண்டும். பேட்டி இல்லாதவனுக்குப் பரீட்சை இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சு நாளில் எங்கள் ஊர்கள் ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி கிடந்தன. ஒரு துண்டு பிரெஞ்சு நிலம், அடுத்த துண்டு இந்திய நிலம். சொந்த வயலுக்குப் போகிறவன்கூட நடுவில் சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் போவான். சாவடிக்காரன் கேட்பான்: "யாரு நீ? எங்கேருந்து வர்றே? மூட்டையில இன்னா? ஏன் இந்தப் பக்கம் வந்தே? எப்போ திரும்புவே?" எங்கள் ஜனங்கள் எல்லாவற்றுக்கும் தோள் துண்டை இடுப்புக்கு இறக்கி ஒரே பதில் சொல்வார்கள். "ஒண்ணும் இல்லீங்க." ஆனால் மடியில் நிச்சயம் ஏதாவது இருக்கும். சீமைத் துணியோ, கைக்கடிகாரமோ, ஏதோ ஒன்று. அப்போது ஊரில் கடத்தாதவன் என்று யாரும் கிடையாது.

இணைப்புக்குப் பிறகு சாவடிகள் போய்விட்டன. பயம் மட்டும் போகவில்லை. இதையெல்லாம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். பேராசிரியரின் மந்திரமும் சாவடிக்காரன் கேட்டதும் அச்சு அசல் ஒன்றே என்பது என் மரமண்டைக்கு உறைக்கவேயில்லை.

நான் ஊருக்கு வந்த வாரமே என் தங்கை தனத்தைப் பெண் பார்க்கக் காட்டேரிக்குப்பத்திலிருந்து வந்தார்கள். நல்ல இடம், நெல்லும் கரும்புமாக நிலம். பிடித்திருந்தால் அன்றைக்கே வெற்றிலைத் தட்டு மாற்றிவிடுவது என்று பேச்சு. மாப்பிள்ளையை வில்லியனூர்த் தேரின்போது தனம் பார்த்திருக்கிறாள். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. ஆனால் அன்று காலையில் போட்ட கோலத்தைச் சரியில்லையென்று தானே அழித்துவிட்டு மறுபடி போட்டாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இந்த எடம் அமைஞ்சிடணும் தாயே" என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றாள்.

பெண்ணைப் பார்த்தாயிற்று. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பெண்டுகள் உள்ளே போனார்கள், மாப்பிள்ளை வண்டிப் பக்கம் போனான். அப்பா தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் வைத்துவிட்டுப் பூவுக்காக எழுந்து போனார். கூடத்தில் மாப்பிள்ளையின் தகப்பனாரும் நானும் மட்டும். சும்மா இருந்திருக்கலாம். வெயிலைப் பற்றிப் பேசியிருக்கலாம். என் தலையெழுத்து, நான் பேனாவைத் திறந்தேன்.

"உங்க பேரு?"

"பேரு தெரியாமலா பொண்ணு குடுக்கறீங்க?" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. (தெரிந்ததாக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாதல்லவா.) "இருந்தாலும் நீங்க சொல்லுங்க."

"கோவிந்தசாமி" என்றார். சிரிப்பு போய்விட்டது.

"பிரெஞ்சு நாளில் எங்கெங்கே போய் வருவீங்க?"

"எங்கயும் போவலியே."

"எப்போ எப்போ போவீங்க?"

"போவலன்னா எப்போ போறது தம்பி?"

"போகும்போது என்ன எடுத்துட்டுப் போவீங்க?"

அவர் தோளில் இருந்த துண்டு மெதுவாக இடது மணிக்கட்டின் மேல் இறங்கியது. என் கண் அதை விடுமா? துண்டுக்கு அடியில் கைக்கடிகாரம் மின்னியது. சின்னப் பொருளைக்கூட விடாதே.

"அந்தக் கடிகாரம் எங்கே வாங்கினது? எப்படி வந்தது?"

மனிதர் எழுந்து நின்றார். துண்டை இடுப்புக்கு இறக்கினார். "ஒண்ணும் இல்லீங்க" என்றார். அதுவரை தம்பியாக இருந்த நான் அந்த நிமிஷத்தில் 'ங்க' ஆகிப் போனேன். உள்ளே குரல் கொடுத்துப் பெண்டுகளைக் கூப்பிட்டு, "நாள் பாத்துச் சொல்லி அனுப்பறோம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, வண்டி கட்டிக்கொண்டு போயே போய்விட்டார். அப்பா கையில் பூவோடு நின்றார்.

"இன்னாடா கேட்டே அவர?"

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தனம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மறுநாள் விளக்கம் சொல்லச் சைக்கிளில் காட்டேரிக்குப்பம் போனேன். (நான் விளக்கம் சொல்லி உருப்பட்ட காரியம் இன்றுவரை கிடையாது.) கதவைத் தட்டினேன். கோவிந்தசாமியே பாதிக் கதவைத் திறந்தார்.

"அவரு ஊர்ல இல்லீங்க" என்றார், அவரைப் பற்றி அவரே.

"நான் மாணவன்தான் ஐயா, சத்தியமா" என்று சொல்லி, நம்பிக்கை வரட்டுமென்று பல்கலைக்கழக அட்டையை நீட்டினேன். அதில் என் போட்டோ, அதன் மேல் பெரிய முத்திரை. முத்திரை போட்ட அட்டையை நீட்டுகிறவன் யார் என்று அந்தப் பக்கத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அவர் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதற்குள் பார்த்துவிட்டேன். கடிகாரம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்திருந்தது.

மாட்டுக் கொட்டகை ஓரம் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்து ஒரு அடி முன்னால் வந்தான். ஏதோ கேட்க வந்தவன் மாதிரி இருந்தது. தகப்பனார் ஒரு பார்வை பார்த்ததும் நின்றுவிட்டான். தகப்பனைக் கேள்வி கேட்டுத் துளைத்த நான், அவனிடம் ஒன்றுமே கேட்காமல் சைக்கிளைத் திருப்பினேன்.

பாகூர் வீட்டில் சி.ஐ.டி. பையன் இருக்கிறான் என்ற சேதி ஒரு பேப்பரும் இல்லாமல் சுற்று வட்டாரத்து நான்கு கொம்யூனுக்கும் (பிரெஞ்சுக்காரன் வைத்த பஞ்சாயத்துப் பிரிவுகள்) போய்ச் சேர்ந்தது. நான் நுழைந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். தனத்தைப் பெண் கேட்டு எங்கள் பக்கத்திலிருந்து ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் சாவடியையே கண்ணால் பார்த்திராத திண்டிவனம் பக்கத்தில், வருஷங்கள் கழித்துக் கொடுத்தோம். நல்ல மனிதர்தான்.

கொடுமை என்னவென்றால், வகுப்பிலேயே சிறந்த பேட்டி என்று பேராசிரியர் என்னுடையதைத்தான் வாசித்துக் காட்டினார். "பேட்டி கொடுப்பவரின் மௌனத்தை எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறான் பாருங்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு எங்காவது போய் விழலாம் போல இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் கேள்வி கேட்கிற உரிமையை இழந்துவிட்டேன். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் துண்டை இடுப்புக்கு இறக்கி, "ஒண்ணும் இல்லீங்க" என்பார்கள். தம்பி பிள்ளைகள் சொல்கிறார்கள், பேரப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ஆரம்பித்து வைத்தவள் தனம்தான். மற்றவர்களை விட அவள்தான் நன்றாகச் செய்வாள், வயிறு குலுங்கச் சிரிக்கலாம்.

போன தையில் திண்டிவனம் போயிருந்தேன். முற்றத்தில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. இத்தனை வருஷத்தில் அவளிடம் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை அன்றுதான் கேட்டேன். "தனம், காட்டேரிக்குப்பத்துப் பையன் மேலே உனக்கு ஆசை இருந்துச்சாம்மா?"

கடலை உரிக்கிற கை நின்றது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். நான் சிரிக்கத் தயாராக இருந்தேன்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள். அவள் சிரிக்கவில்லை.