முப்பத்தொரு கிலோ மிச்சச் சாப்பாடும் பேர்பெச்சுவாவும்

ஜெர்மனி, கொலோன் நகருக்குக் கிட்ட,
8.3.1987

பெருமதிப்புக்குரிய நடேசன் அத்தான் அவர்களுக்கு,

உமாபதி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே குளிரும் நானும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்து ஷெல் சத்தங்கள் உங்களையும் அக்காவையும் நித்திரை கொள்ள விடுகின்றன என்று நம்புகிறேன். முப்பது வருடம் சுகாதாரப் பரிசோதகராக இருந்து, "கீரையும் பருப்பும் தின்னுங்கோ, சீனியைக் குறையுங்கோ" என்று நீங்கள் வீடு வீடாகச் சொல்லித் திரிந்த காலத்தில், நீங்கள் படலையைத் தாண்டியதும் சிரித்தவர்களில் நானும் ஒருவன். இக்கடிதத்தை அதற்கான மன்னிப்பாகவும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நாங்கள் இருக்கும் அகதி விடுதியில் தொண்ணூற்றிரண்டு பேர். நம்மவர்கள் பாதி, மிச்சம் ஈரானியரும் லெபனான்காரரும். அறைகளில் சமைக்கக் கூடாது, நெருப்புப் பிடித்துவிடுமாம். ஆகவே கீழே பொதுச் சமையலறையிலிருந்து மூன்று வேளையும் தட்டு வரும். தட்டில் பன்றி இறைச்சிச் சொசேஜ், மசித்த உருளைக்கிழங்கு, தகரப் பேணியில் அடைத்த பட்டாணி. சொசேஜை முஸ்லிம் ஆட்கள் தொடமாட்டார்கள், நம்மவர் பாதிப்பேர் தொடமாட்டார்கள், தொடுகிறவர்களுக்கும் மூன்றாம் மாதம் வெறுத்துவிட்டது. எல்லாம் பின்கதவில் இருக்கும் வாளிக்குள் போகும். பிறகு பசியில் வெள்ளைப் பாணும் மாஜரினும் ஜாமும். அதில் எனக்குச் சீனி வருத்தம் இருநூற்று நாற்பதுக்கு ஏறி, டொக்டர் இன்சுலின் ஊசியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நான் உடனே உணவுக் குழு என்று ஒன்றை அமைத்து, நானே தலைவராகி, விடுதிப் பொறுப்பாளருக்கு ஆங்கிலத்தில் பதினேழு முறைப்பாடுகள் எழுதினேன். புகையிரதக் கந்தோரில் கிளாக்கராக இருபத்தாறு வருடம் எழுதிய கை அல்லவா. பதினேழுக்கும் பதில் இல்லை.

அப்போதுதான் பேர்பெச்சுவா வந்து சேர்ந்தார். நம்முடைய குருநகர்ப் பெண்பிள்ளை, தகப்பன் கடற்கரையில் மீன் நிறுத்து விற்றவர். சும்மா இருக்க ஏலாது என்று சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கப் போய், சமையற்காரி திருமதி கெர்லாக்கிடமே ஜெர்மன் பாஷையையும் உரித்து எடுத்துவிட்டார். ஒருநாள் பார்த்தால், கிழங்கு மூட்டை நிறுக்கும் தராசில் அந்த மிச்ச வாளியைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன தங்கச்சி, குப்பையை நிறுக்கிறீர்?" என்று கேட்டேன்.

"குப்பை இல்லை அண்ணை, சாப்பாடு. இண்டைக்கு முப்பத்தொரு கிலோ. இதுக்காக எத்தினை பன்றியைக் கொன்றிருப்பாங்கள், எத்தினை லொறி ஓடியிருக்கும் எண்டு யோசிச்சனான்."

ஒரு கிழமை, ஏழு நாளும் வாளியை நிறுத்தார். அரைப் பக்கத்தில் ஏழு இலக்கங்களை எழுதிக்கொண்டு விடுதிப் பொறுப்பாளரிடம் போனார். நான் தலைவர் என்ற முறையில் பின்னால் நின்றேன். பொறுப்பாளர் இலக்கங்களை இரண்டு தரம் வாசித்தார். என் பதினேழில் ஒன்றையாவது அப்படி வாசித்திருப்பாரோ தெரியாது. கடைசியில், புதன்கிழமை மத்தியானம் மட்டும் நீங்கள் சமைக்கலாம், ஏதாவது பிசகினால் அதோடு சரி, பிறகு நீயும் சமையலறைப் பக்கம் போகக் கூடாது என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னார்.

திருமதி கெர்லாக்கைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு. லின்சன் என்று இங்கே ஒரு மண்ணிறப் பருப்பு, மலிவு, மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதைப் பன்றிக் கொழுப்பு இல்லாமல் அவிக்கலாம் என்பதை அந்த மனுசி நம்பவில்லை. "சத்து எங்கேயிருந்து வரும் எண்டு கேக்கிறா அண்ணை," என்றார் பேர்பெச்சுவா. "பருப்பிலயிருந்துதான் வரும் எண்டு சொன்னன். கடைசியில ஒரு பானையை எடுத்துத் தந்தவ." பேணிப் பட்டாணியை விட்டுப் பக்கத்துத் தோட்டத்து முட்டைக்கோவாவும் கரட்டும் வாங்கினார்கள். நீண்ட தலைமயிர்ப் பெடியன்கள் நடத்தும் ஒரு கடையில் தவிடு நீக்காத அரிசி எடுத்தார்கள். ஊரில் வெள்ளையரிசி தின்பதைப் பெருமையென்று நினைத்த நான், "இதுக்கோ இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

புதன்கிழமை எனக்குக் கொடுத்த ஒரே வேலை, தாளிக்கும்போது புகை வெளியே போக யன்னல்களைப் பார்த்துக்கொள்வது. குளிர் வருகிறதே என்று நான் எல்லாவற்றையும் இறுக்கிப் பூட்டிவிட்டேன். செத்தல் மிளகாய் எண்ணெயில் விழுந்ததும் புகை எழும்பி, திருமதி கெர்லாக் இருமி, மாடிப்படியெல்லாம் இருமி, ஈரானியர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓட, வாசற்காவலர் தீயணைப்புப் படைக்கு டெலிபோன் அடித்துவிட்டார். சிவப்பு வண்டி வந்தது. தொப்பி போட்ட ஆறு பேர் குழாயோடு உள்ளே வந்தார்கள். பொறுப்பாளர் முகம் சிவந்து நின்றார். அவ்வளவுதான், பிள்ளையின் பாடு முடிந்தது என்று நினைத்தேன். பேர்பெச்சுவா யன்னல்களைத் திறந்தார், ஆறு தட்டு எடுத்தார், சோறும் பருப்பும் போட்டார்.

"பசியோட வந்திருப்பினம். முதல்ல சாப்பிடட்டும்."

இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார்கள். இது என்ன என்று அவர்களின் தலைவர் கேட்க, "லின்சன், கொழுப்பில்லாமல்" என்று திருமதி கெர்லாக் தானே கண்டுபிடித்தவர் மாதிரிச் சொன்னார். பொறுப்பாளரும் ஒரு கரண்டி வாங்கினார். அன்று வாளியில் ஒரு பருப்புக்கூட இல்லை.

இப்போது ஐந்து கிழமை. மற்ற நாட்களிலும் மிச்சம் ஒன்பது கிலோவாக இறங்கிவிட்டது. ஒரு நாள் நல்ல சாப்பாடு சாப்பிட்டால் மனிதன் ஏழு நாளும் திருந்திவிடுகிறான் என்று நான் மாவட்டக் கந்தோருக்கு ஆறு பக்க அறிக்கை அனுப்பியிருக்கிறேன். என் சீனியும் நூற்றெழுபது. என் பதினேழு முறைப்பாட்டிலும் முறைப்பாடு மட்டும்தான் இருந்தது. அந்தப் பிள்ளை ஒருவரையும் குறை சொல்லாமல், இருந்ததை நிறுத்துக் காட்டினார். இந்தத் தேசத்தில் நான் கண்ட பெரிய மனுசி அவர்தான் என்பதை அக்காவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் இருவருக்கும் நோய் நொடியும் ஷெல்லும் அண்டாதிருக்க நல்லூரானை வேண்டும்,
உமாபதி

பி.கு.: கடித உறையை ஒட்டப் போன நேரம் பின்கதவில் பன்றி வளர்க்கும் ஒரு கமக்காரர் இரண்டு பெரிய வாளியோடு வந்து நின்று முறைப்பட்டார். வீணாக்கக் கூடாது என்று பேர்பெச்சுவா சொன்னதைக் கேட்டு, திருமதி கெர்லாக் ஐந்து கிழமையாக, நிறுப்பதற்கு முன்னமே, மிச்சத்தை அந்த மனுசனின் பன்றிகளுக்கு அள்ளிக் கொடுத்து வந்திருக்கிறார். அவருடைய முறைப்பாடு, புதன்கிழமைகளில் ஒன்றுமே கிடைப்பதில்லை, யாரோ களவெடுக்கிறார்கள் என்பது. அன்றைய மிச்சத்தைத் திருமதி கெர்லாக் அள்ளி நிரப்பியதும், பேர்பெச்சுவா இரண்டு வாளியையும் வாங்கித் தராசில் வைத்தார்: பத்தொன்பது கிலோ. பிறகு சிரித்தார். "அண்ணை, பன்றியளையும் விடுதி ஆக்களாச் சேர்த்தால் உங்கட அறிக்கை சரிதான்." ஆகவே அத்தான், மேலே ஒன்பது என்று எழுதிய இடத்தில் இருபத்தெட்டு என்று திருத்தி வாசிக்கவும். புதன்கிழமையை மட்டும் திருத்த வேண்டாம்.