ஆட்டுத்தலை யாருக்கு?

"வீட்டை எழுதறது பெரிய விஷயமில்லைங்க. யார் பேருக்கு எழுதறோம்ங்கறதுதான் விஷயம்" என்றாள் நோட்டரி கன்யிஷாய்.

"எம் பையன் தாலாய் பேருக்குத்தான்."

"எழுதிடலாம். நாளைக்கே ஒருத்தன் வந்து, இந்தா ஐஸ்கிரீம், இங்க ஒரு கையெழுத்துப் போடுன்னா என்ன பண்ணுவாரு?"

மகனைப் பற்றி ஷார்ஷெனுக்குத் தெரியாதா? தாலாய்க்கு வயது முப்பத்திரண்டு. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். ஐஸ்கிரீம்கூட வேண்டாம், சிரித்த முகமாகக் கேட்டாலே போதும், கையெழுத்து விழுந்துவிடும்.

"அதனால வீட்டோட ஒரு பாதுகாவலரும் வேணும். உங்களுக்கப்புறம் பையனையும் பாத்துக்கணும், வீடும் கைமாறாம பாத்துக்கணும். மனசாரச் சம்மதிச்ச ஆளா இருக்கணும். யாருன்னு முடிவு பண்ணிட்டு வாங்க, ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

மலையூரான கொச்கோரிலிருந்து தலைநகர் பிஷ்கெக்குக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் ஷார்ஷென். மலைப்பாதையில் பனி வழுக்கி, பின்சக்கரம் பள்ளத்தை எட்டிப் பார்த்தபோதுகூட அவர் பயந்ததில்லை. போன குளிர்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தபோதுதான் பயந்தார். தனக்காக அல்ல. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. தானும் போய்விட்டால் தாலாய் யார் வாசலில் போய் நிற்பான்?

மூத்த பிள்ளைகள் பங்கைப் பிரித்துக்கொண்டு தனியாகப் போவதும், அப்பன் வீடும் அதோடு சேர்ந்த பொறுப்புகளும் கடைசிப் பையனுக்கு வருவதும் ஊரறிந்த வழக்கம். கடைசிப் பையன் தாலாயாகப் பிறந்ததும் ஊர் அந்த வழக்கத்தை நாசூக்காக மறந்துவிட்டது. ஷார்ஷெனும் மறந்துவிட்டார்.

நேராக மூத்த மகன் குபாத்தின் பஞ்சர் கடைக்குப் போனார். குபாத் ஒரு லாரி டயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், வீடு உனக்குத்தான். தம்பியப் பாத்துக்க, வீட்ட எடுத்துக்க."

குபாத் தலையை வெளியே எடுத்தான். "எந்த வீட்ட?"

"நம்ம வீட்டத்தான். நான் என்ன அரண்மனையா கட்டி வச்சிருக்கேன்?"

"தம்பி இருக்கறப்ப நான் போயி அந்த வீட்டுல உக்காந்தா ஊரே காறித் துப்பும்ப்பா. எனக்கு வேண்டாம்."

"அப்ப தம்பி கதி?"

"நீங்க தம்பிகிட்ட பேசினீங்களா?"

"அவன்கிட்ட என்னடா பேசறது? அவனுக்கு என்ன தெரியும்?"

குபாத் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு மறுபடியும் டயருக்குள் தலையை விட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

கோபத்தோடு திரும்பிய ஷார்ஷெனின் கண்ணில் கடைக்குப் பின்னால் இருந்த மகனின் வீடு பட்டது. வீட்டோடு ஒட்டிப் புதிதாக ஓர் அறை எழும்பிக்கொண்டிருந்தது. வெயில் விழும் பக்கமாகப் பெரிய ஜன்னல் வேறு.

"இது யாருக்குடா?"

"வேண்டப்பட்டவங்களுக்கு" என்றது டயர்.

மாமியாருக்கு! சந்தேகமேயில்லை. கூடப் பிறந்த தம்பிக்கு இடமில்லை, மாமியாருக்கு வெயில் விழுகிற ஜன்னலா என்று வழிநெடுகப் பொருமிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

வாசலிலேயே தாலாய் குனிந்து அவருடைய பூட்ஸைக் கழற்றினான். அடுப்புப் பக்கம் உட்கார வைத்து, பால் ஊற்றிய டீயைக் கையில் கொடுத்தான். மாத்திரையை எடுத்து வந்து, அவர் விழுங்கும் வரை எதிரிலேயே நின்றான்.

"நான் இல்லேன்னா நீ என்னடா பண்ணுவ?" என்று பெருமூச்சு விட்டார் ஷார்ஷென்.

"தண்ணி குடிங்க. மாத்திரை தொண்டையில நிக்கும்" என்றான் தாலாய்.

இந்தப் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு பிரமிப்பு. பிறந்தபோது, "விடுதியில விட்டுடுங்க, இதுக்குப் பேச்சே வராது" என்றார்கள் டாக்டர்கள். அவர் மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளாமல் பிள்ளையைச் சால்வையில் பொதிந்து வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டாள். பேச்சு வந்தது. ஆறு வயதில் வந்த முதல் வார்த்தை, "வாங்க." அம்மா இல்லை, அப்பா இல்லை, வாங்க. கேட்டருகே நின்று வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கூப்பிடுவான். எண்ணத் தெரியாது. ஆனால் மாலையில் மந்தை திரும்பும்போது ஓர் ஆடு குறைந்தாலும் கேட்டை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பான். எப்படித் தெரிகிறது என்று ஷார்ஷெனுக்கு இன்றுவரை விளங்கவில்லை. கேட்டால் தாலாய் மலையைக் காட்டுவான். அங்கே பார்த்தால் விட்டுப்போன ஆடு நிற்கும்.

அண்ணன்காரன் கைவிட்டால் அக்காக்காரி இருக்கிறாளே. ஜூரா பாலிக்சி என்ற ஊரில் டீச்சர். வீடு மட்டும் என்றதால்தானே குபாத் மறுத்தான் என்று எண்ணி, ஷார்ஷென் இந்த முறை கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

"வீடு, ஆடு எல்லாம், அந்தச் செவலைக் குதிரையும் உனக்குத்தாம்மா. தம்பியப் பாத்துக்குவியா?"

போனில் விசும்பல் கேட்டது. பிறகு, "அப்பா, டீயில இன்னும் உப்புப் போட்டுத்தான் குடிக்கறீங்களா?"

"என்னது?"

"ரத்தக்கொதிப்பு மாத்திரை காலையில ஒண்ணா ரெண்டா? படி ஏறினா மூச்சு வாங்குதா? கொழுப்புள்ள கறி இன்னும் செரிக்குதா?"

ஷார்ஷென் போனை வைத்துவிட்டார். பெற்ற மகள் கணக்குப் போடுகிறாள்! கிழவன் எப்போது மண்டையைப் போடுவான், குதிரை எப்போது கைக்கு வரும் என்று!

கொஞ்ச நேரத்தில் குபாத் கூப்பிட்டான். "என்னப்பா இது, எங்கிட்ட வீடு, அவகிட்ட குதிரையா? தம்பிய என்ன சந்தையில ஏலம் விடறீங்களா?"

"நீதானடா வேண்டாம்ன?"

"அதுக்குன்னு குதிரைய லஞ்சம் குடுப்பீங்களா? எங்களப் பாத்தா எப்படித் தெரியுது?"

அப்பனும் மகனும் மாறி மாறிக் கத்தினார்கள். யார் முதலில் போனை வைத்தார்கள் என்பதில் இருவருக்கும் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

செய்தி சந்தைக்குப் போயிற்று. சந்தையிலிருந்து பங்காளி துய்ஷோன் வந்தான். ஷார்ஷெனைவிட நான்கு வயது மூத்தவன். வாயைத் திறந்தால் வெண்ணெய் வழியும்.

"தம்பி, பெத்த பிள்ளைங்களே கைவிட்டுட்டாங்களாமே! நான் இருக்கேன். தாலாய் எம் பிள்ளை மாதிரி."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். பேசிக்கொண்டே வேலியோரம் காலால் அளந்து நடந்தான். செவலைக் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். 'எம் பிள்ளை மாதிரி' தாலாயை மட்டும் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. இதெல்லாம் ஷார்ஷெனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் நெஞ்சுவலி கண்ட மனுஷனுக்குக் கிடைத்த கட்டை எல்லாம் தெப்பம்.

"சரிண்ணே. ஞாயித்துக்கிழமை ஆடு அடிக்கறேன். நாலு பெரியவங்க முன்னாடி பேசி முடிச்சிடலாம்."

விருந்து முடிந்து, கையேந்தி ஆசி சொல்லிவிட்டால் பேச்சு பேச்சுதான். அதற்குப் பிறகு மாற்றினால் மனுஷனே இல்லை. மகனும் மகளும் பார்த்து வெட்கப்படட்டும் என்று அவர்களையும் வரச் சொன்னார் ஷார்ஷென்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைந்தது. துய்ஷோன் புது வெள்ளைத் தொப்பியோடு வந்து, யாரும் சொல்லாமலே வாசலுக்கு எதிர்ப்புறம் முதல் விருந்தாளிக்குரிய இடத்தில் போய் உட்கார்ந்தான். குபாத் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஜூரா அப்பாவின் டீக்கிண்ணத்தை வாங்கி ஒரு வாய் உறிஞ்சி, உப்பு இருக்கிறதா என்று சோதித்து, அதற்கும் ஒரு முறை முறைத்தாள்.

தோளில் துண்டோடு தாலாய் வந்தான். செம்பும் தட்டும் ஏந்தி ஒவ்வொருவர் கையிலும் தண்ணீர் ஊற்றினான். பிறகு கறி வந்தது.

கறி பரிமாறுவது விளையாட்டில்லை. ஒவ்வொரு எலும்புக்கும் ஒரு மரியாதை உண்டு. பெரியவருக்கு எது, பெரியம்மாவுக்கு எது, மருமகனுக்கு எது என்பதில் ஒன்று மாறினாலும் மூன்று தலைமுறைக்குப் பேச்சு இருக்காது. படித்தவர்களே தடுமாறுகிற வேலை. தாலாய் தட்டைப் பார்த்தான், ஆளைப் பார்த்தான், வைத்தான். அடுத்த ஆளைப் பார்த்தான், வைத்தான். இடுப்பெலும்பு ஜூராவின் மாமியாருக்கு, தொடை துய்ஷோனின் மனைவிக்கு, கால் குபாத்துக்கு. ஒரு பிழை இல்லை. பெரியவர்கள் எல்லாரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷார்ஷெனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எங்கே வைத்திருக்கிறான் இதையெல்லாம்?

கடைசியில் ஆட்டுத்தலை வந்தது. கூட்டத்திலேயே பெரிய விருந்தாளிக்கு உரியது அது. துய்ஷோன் கத்தியைத் தயாராக உருவி வைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினான்.

தாலாய் அவனைத் தாண்டிப் போனான். அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, இரண்டு கையாலும் தலையை வைத்தான்.

எல்லார் கண்ணும் துய்ஷோன் பக்கம் திரும்பியது.

"டேய்!" என்று பதறினார் ஷார்ஷென். "விருந்தாளிக்குடா தலை!"

"விருந்தாளிக்குத்தான் வச்சேன்" என்றான் தாலாய் நிதானமாக.

துய்ஷோன் எழுந்துவிட்டான். "கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்தறியா? வீட்டுக்காரனுக்கே தலைய வைக்கற வீட்ட இன்னிக்குத்தான் பாக்கறேன். இந்தப் பைத்தியத்த நீயே கட்டிக்கிட்டு அழு!"

"எந்த வாய்டா அது பைத்தியம்னது?" என்று குபாத் எழுந்தான். கூடவே ஜூரா எழுந்தாள். அவளிடம் டீக் கெண்டி இருந்ததால் துய்ஷோன் அவளுக்குத்தான் அதிகம் பயந்தான். ஆசி சொல்லவில்லை, தொப்பியையும் நேராக வைக்கவில்லை, போய்விட்டான். மனைவிக்கு வந்த தொடைக்கறியைப் பையில் போட்டுக்கொள்ள மட்டும் மறக்கவில்லை.

ஷார்ஷென் தலையில் கை வைத்துக்கொண்டார். "போச்சு. இருந்த ஒரே ஆளும் போயிட்டான்."

"ஒரே ஆளா? அப்ப நாங்க யாரு?" என்றாள் ஜூரா.

"நீங்கதான் ரெண்டு பேரும் வேண்டாம்னீங்களே!"

"வீடு வேண்டாம்னேன்" என்றான் குபாத். "தம்பிய வேண்டாம்னு எப்பச் சொன்னேன்? எந்தம்பியப் பாத்துக்க எனக்குக் கூலி குடுக்க வந்தீங்க, கோவம் வராதா? எழுதுங்க, வீடு அவன் பேருக்கு. காவலுக்கு நானும் இவளும் கையெழுத்துப் போடறோம். ஒரு ஆட்டுக்குட்டிகூட எங்களுக்கு வேண்டாம்."

ஷார்ஷென் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இத்தனை நாளாகத் தன் வீட்டிலேயே இருந்ததைத் தேடிக்கொண்டு ஊரெல்லாம் அலைந்திருக்கிறார். கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"அப்ப... அந்தப் புது ரூம் தாலாய்க்குத்தானாடா?"

"அவனுக்கு எதுக்கு ரூம்? அவனுக்குத்தான் வீடு இருக்கே!" என்றான் குபாத். ஜூரா அவன் விலாவில் இடித்தாள்.

ஷார்ஷெனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் என்ன? பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார். ஆட்டுத்தலையிலிருந்து காதை அறுத்துத் தாலாய்க்குக் கொடுத்தார். வீட்டில் சின்னவனுக்கு உரியது அது. தாலாய் அதில் பாதியைத் திருப்பி அவருக்கே ஊட்டினான்.

மறுநாள் காலை பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு நோட்டரி அலுவலகத்துக்குள் ஜெயித்த குதிரை மாதிரி நுழைந்தார் ஷார்ஷென். கன்யிஷாய் அறைக்குள் வேறு யாரோ இருந்தார்கள். வெளியே டைப் அடிக்கிற பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஷார்ஷெனை அல்ல, அவருக்குப் பின்னால் நின்ற தாலாயை.

"அட, வாங்க வாங்க! என்னாச்சு, அண்ணனும் அக்காவும் சம்மதிச்சாங்களா?"

"சம்மதிச்சாங்க" என்றான் தாலாய். "அண்ணன் ரூம் கட்டறான். அக்கா உப்பில்லாம சமைக்கக் கத்துக்கிட்டா."

குபாத் கூரையைப் பார்த்தான். ஜூரா கைப்பையில் எதையோ தேடினாள்.

"இவன உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் ஷார்ஷென்.

"போன மாசமே, மேடம் லீவுல இருந்தப்ப, தனியா வந்தாருங்களே! 'வீட்டுக்குக் கடைசிப் பையன் நான், எங்கப்பா என் பொறுப்பு. எனக்கு ஏதாவது ஆயிட்டா அவர யார் பாத்துக்கறதுன்னு இப்பவே எழுதி வைக்கணும், ஆனா அவருக்குத் தெரிய வேண்டாம், பயந்துக்குவாரு'ன்னு சொன்னாரு."