சித்தர் சொன்ன தொண்ணூற்று நாலாம் பக்கம்

அந்த மார்ச் மாதத்தில் மயிலாப்பூரில் இரண்டு க்யூ நின்றது. ஒன்று ரேஷன் அரிசிக்கு. அது தெருமுனையோடு முடிந்தது. இன்னொன்று வினாநாடிச் சுவாமிகளைத் தரிசிக்க. அது தெருமுனையைத் தாண்டி, வளைந்து, லஸ் மூலையை எட்டிப் பார்த்தது. அரிசிக்கு நின்றவன் சர்க்காரைத் திட்டினான். முன்னால் நிற்பவனை முழங்கையால் இடித்தான். சுவாமிகளுக்கு நின்றவனோ கையைக் கட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு, நகராத க்யூவில் நாள் முழுக்க நின்றான். வயிற்றுக்காக நின்றால் நம் ஜனங்களுக்குக் கோபம் வரும். ஏமாறுவதற்காக நின்றால் பக்தி வரும்.

சுவாமிகளின் மகிமை என்ன? செத்தவரை எழுப்பினாரா, செம்பைப் பொன்னாக்கினாரா? சே, அதெல்லாம் பழைய சரக்கு. வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நாலு. உலகம் முழுக்க யுத்தம் நடக்கிறது. மகிமையும் கொஞ்சம் நாகரிகமாக வேண்டாமா? இண்டர்மீடியட் பொருளாதாரப் பரீட்சையில் என்ன கேள்வி வரும் என்று சொல்வார் நம் சுவாமிகள்.

மூவாயிரம் வருஷத்துக்கு முன் மலைக்குகையில் உட்கார்ந்திருந்த ஒரு சித்தர், சென்னைச் சர்வகலாசாலையின் கேள்வித்தாளை ஞானக்கண்ணால் பார்த்து ஓலையில் எழுதி வைத்துவிட்டுப் போனாராம். குண்டு விழும், ஊர் காலியாகும், அரிசிக்குக் கார்டு வரும் என்று ஒரு வரி எழுதியிருந்தாலாவது நாலு பேருக்கு உபயோகப்பட்டிருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, ‘டிமாண்டுக்கும் சப்ளைக்கும் உள்ள சம்பந்தத்தைப் படம் போட்டு விளக்குக’ என்று எழுதியிருக்கிறார். அதுவும் இங்கிலீஷில்.

“ஓலையிலே பழைய எழுத்துதாங்க. சாமி பார்வை பட்டதும் இங்கிலீஷா மாறிடும்” என்று க்யூவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் பிரதான சீடர் சண்முகவேல்.

முறை இதுதான். தட்டில் ஐந்து ரூபாய். ஒரு பெருவிரல் ரேகை. இந்துப் பையனுக்குக் கற்பூரம், வேதக்காரப் பையனுக்கு மெழுகுவர்த்தி, துருக்கப் பையனுக்குச் சாம்பிராணி. சுவாமிகளுக்கு எம்மதமும் சம்மதம். தட்டு மட்டும் ஒன்றுதான். சண்முகவேல் திரைக்குப் பின்னே போய் வருவார். நாலாக மடித்த ஒரு சீட்டு கைக்கு வரும். அதில் மூன்று கேள்விகள். கூடவே ஒரு நிபந்தனை: பரீட்சை முடியும்வரை அந்தச் சீட்டை ஒருவரிடமும் காட்டக் கூடாது. காட்டினால் பலிக்காது.

அந்தச் சீட்டு ஒன்று சாந்தோமுக்கும் வந்து சேர்ந்தது. மாதா கோவிலுக்குப் பின்னால் குடியிருந்த வில்லியம் வாத்தியாரின் மகன் விக்டர், அதைக் கழுத்தில் தொங்கிய மாதா உத்தரியத் துணிப் பதக்கத்தோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு, பாடப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான்.

விக்டரின் அக்காள் நோரா ரேஷன் ஆபீஸில் குமாஸ்தா. செத்துப்போன மாமியாருக்கும் பிறக்காத பிள்ளைக்கும் சேர்த்து அரிசி வாங்கும் கார்டுகளைக் கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். அதற்கு அவளிடம் ஞானக்கண் ஏதும் கிடையாது. ஒரு மேஜை உண்டு. ஒரு கார்டைத் தனியாகப் பார்த்தால் அது சத்தியமே பேசும். பக்கத்தில் இன்னொரு கார்டை வைத்தால் உளற ஆரம்பித்துவிடும்.

“புஸ்தகம் எங்கேடா?” என்றாள் நோரா.

“அலமாரியிலே.”

“பரீட்சைக்குப் பன்னிரண்டு நாள் இருக்கு. அலமாரியா போய் எழுதப் போகுது?”

“எனக்கு மூணு கேள்வி போதும்க்கா. மூணையும் நெட்டுருப் போட்டாச்சு. சித்தர் சும்மா சொல்லலே, பக்கம் நம்பரே போட்டுக் குடுத்திருக்காரு. ‘தொண்ணூற்று நாலாம் பக்கத்துப் படத்தைப் பார்க்க’ன்னு!”

“மூவாயிரம் வருஷத்துக்கு முன்னே அச்சாபீஸ் இருந்துச்சா?”

“ஞானக்கண்ணுக்கு அச்சாபீஸ் எதுக்கு?”

“சரி, சீட்டைக் காட்டு.”

விக்டர் கழுத்தைப் பொத்திக்கொண்டான். “ஐயையோ, காட்டினா பலிக்காது!”

வில்லியம் வாத்தியார் நாற்காலியில் நெளிந்தார். “நம்ம வேதத்துலே இதெல்லாம் பாவந்தான் நோரா. ஆனா நமக்கு மெழுகுவர்த்திதான் ஏத்துறாராம்.”

அவர் நெளிவுக்குக் காரணம் இருந்தது. மே மாதத்தோடு அவருக்கு ரிட்டயர். துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனிக்காரர், விக்டர் தேறினால் ஜூனில் ஒரு குமாஸ்தா நாற்காலி தருவதாகச் சொல்லியிருந்தார். போன வருஷம் பொருளாதாரத்தில் விக்டர் தவறியபோது, ‘இன்னும் ஒரு தரம் பார்க்கிறேன், அதோடு சரி’ என்றும் சொல்லிவிட்டார். போன வருஷம் படித்தும் தவறினவன், இந்த வருஷம் படிக்காமல் தேறப் பார்த்தான்.

“சீட்டு வாங்கினவங்கள்லே யாருடா பாஸானது?”

“மெஹபூப் அலி! போன பரீட்சையிலே மூணுலே ரெண்டு அப்படியே வந்துச்சாம். மைலாப்பூர் முழுக்க அவனைக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுக்கறாங்க.”

“பெயிலானவங்க?”

“யார்கிட்டயாவது காட்டியிருப்பாங்க.”

பையன் சீட்டைத் தாயிடம் காட்டாமல் இருப்பானா? தாய் பக்கத்து வீட்டில் சொல்லாமல் இருப்பாளா? பலிக்காதவன் ஒவ்வொருவனும் தன் குற்றம் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாயை மூடிவிடுவான். பலித்தவன் தமுக்கடிப்பான். சுவாமிகளிடம் இருந்த அசல் சித்து அந்த நிபந்தனை ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நோரா, “வாடா, எனக்கும் ஒரு சீட்டு வேணும். நானும் பிரைவேட்டாப் பரீட்சை எழுதப் போறேன்” என்றாள். விக்டருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அக்காளுக்குப் புத்தி வந்துவிட்டதாம்!

சுவாமிகளின் கூடம் நிறைந்திருந்தது. சீட்டு வாங்கியவர்களே மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறுதோறும் வந்து கும்பிட்டால் சீட்டுக்குப் பவர் ஏறும் என்று ஓர் உபரி ஏற்பாடு. அதற்குத் தனித் தட்டு. சுவாமிகள் புலித்தோல்மேல் வீற்றிருந்தார். மார்பை மறைக்கும் தாடி. மூடிய கண். அந்த மூடிய கண்ணாலேயே தட்டில் விழுந்தது நோட்டா சில்லறையா என்று பார்க்கும் வித்தை அவருக்குத் தெரியும்.

நோரா ஐந்து ரூபாயை வைத்தாள். ரேகை கொடுத்தாள். மெழுகுவர்த்தி எரிந்தது. சண்முகவேல் திரைக்குப் பின்னே போய்ச் சீட்டோடு வந்தார். நோரா அதை அங்கேயே பிரித்து உரக்கப் படித்தாள்.

“ஒன்று: கூலி எவ்வாறு நிர்ணயமாகிறது? இரண்டு: தொழிற்சங்கங்களால் கூலியை உயர்த்த முடியுமா? மூன்று: பெண்களின் கூலி குறைவாக இருப்பது ஏன்?”

கூடம் ‘ஆ’ என்றது. “படிச்சுட்டாளே, பாவி!” என்று ஒரு தாயார் காதைப் பொத்தினாள். விக்டர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

“சாமி, ஒரு சந்தேகம்” என்றாள் நோரா. “சர்வகலாசாலை பொருளாதாரத்துக்கு எத்தனை விதமா கேள்வித்தாள் அடிக்குது?”

“ஒன்றே ஒன்று, குழந்தாய்.”

“எனக்கும் என் தம்பிக்கும் ஒரே தாள்தானே?”

“ஒரே தாள்தான்.”

“சித்தர் பார்த்ததும் அந்த ஒரே தாளைத்தானே?”

சுவாமிகளுக்கு இருமல் வந்தது.

நோரா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். “யாரும் சீட்டைக் காட்ட வேணாம். என்னோட மூணு கேள்வியும் கேட்டீங்க. இதே மூணும் யாருக்கு வந்திருக்கோ, அவங்க கையை மட்டும் தூக்குங்க.”

சீட்டு வாங்கியவர்கள் அறுபது பேர் இருந்தார்கள். ஒரு கைகூட எழவில்லை. அறுபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டிமாண்டுக்குப் படம் போடத் தெரிந்த கூட்டம் அது. என் சீட்டும் உன் சீட்டும் ஒன்றா என்று கேட்க அன்று வரைக்கும் தோன்றவில்லை.

“அவரவர் ஊழ் வேறு வேறு” என்றார் சுவாமிகள், கண்ணை நன்றாகத் திறந்து.

“ஊழ் ஆளுக்கு ஒண்ணா இருக்கட்டும் சாமி. கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒண்ணுதானே?”

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அது அங்காளம்மாள். சாந்தோம் குப்பத்து மீன்காரி. அவள் மகன் மண்ணாங்கட்டி அந்தக் குப்பத்திலேயே முதல் இண்டர்மீடியட்காரன், விக்டரோடு படிக்கிறவன்.

“டேய் நைனா, அந்தச் சீட்டை இப்படிக் குடு.”

“யம்மா! காட்டினா பலிக்காது!”

“எனக்குத்தான் படிக்கவே வராதே, எங்கிட்ட காட்டினா இன்னா, காட்டாட்டி இன்னா?” அவன் சட்டைப் பையில் கைவிட்டுச் சீட்டை உருவி நோராவிடம் நீட்டினாள். “இந்தாம்மா, இதுல இன்னா கீதுன்னு நீ படி. மூக்குத்தியைக் கயட்டிக் குடுத்துட்டு வாங்கினு வந்தேன்.”

நோரா படித்தாள். மூன்றும் நிலவாடகையைப் பற்றிய கேள்விகள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது எல்லார் கண்ணும் விக்டர்மேல் விழுந்தது. அவன் கை கழுத்தில் இருந்தது. காட்டினால் பலிக்காது. பலிக்காவிட்டால் ஜூன் மாதத்து நாற்காலி போயிற்று. காட்டாவிட்டாலோ, அறுபது சீட்டில் தன் சீட்டுதான் நிஜம் என்று நம்ப வேண்டும். ஏன் தன்னுடையது? மண்ணாங்கட்டியின் தாயும் அதே ஐந்து ரூபாய்க்குத்தானே மூக்குத்தியைக் கொடுத்தாள்? சித்தருக்கு விக்டர்மேல் மட்டும் என்ன தனிப் பாசம்? சீட்டு வாங்கிய ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவன் மூளை வேலைக்கு வந்தது. தையலைப் பல்லால் கடித்துப் பிய்த்துச் சீட்டைப் பாயில் வைத்தான்.

“யாராவது பாடப் புத்தகம் வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள் நோரா.

அறுபது மாணவர்களில் ஒரே ஒருவனிடம் புத்தகம் இருந்தது. அதுவும் சுவாமிகளிடம் ஆசீர்வாதம் வாங்கக் கொண்டுவந்தது, மஞ்சள் தடவியிருந்தது. விக்டர் தொண்ணூற்று நாலாம் பக்கத்தைப் புரட்டினான். படம் இருந்தது. மறு பக்கத்தில் பாடம் முடிந்தது. அதன் கீழே ‘பயிற்சி வினாக்கள்’ என்ற தலைப்பில் அவனுடைய மூன்று கேள்விகளும், ஒரு எழுத்துப் பிசகாமல், ‘தொண்ணூற்று நாலாம் பக்கத்துப் படத்தைப் பார்க்க’ என்பது உட்பட அச்சடித்துக் கிடந்தன.

“அக்கா” என்றான் விக்டர், மெதுவாக. “உன்னோடது கூலிப் பாடத்துக் கடைசி. மண்ணாங்கட்டியோடது வாடகைப் பாடத்துக் கடைசி.”

அவ்வளவுதான். மடித்த சீட்டுகள் மழையாகப் பாயில் விழுந்தன. நோரா முட்டிபோட்டு உட்கார்ந்து, ஆபீஸ் மேஜையில் கார்டுகளை அடுக்குவதுபோல் அடுக்கினாள். கால்மணி நேரத்தில் முதல் பாடத்திலிருந்து இருபத்திரண்டாம் பாடம்வரை, பாடத்துக்கு இரண்டு மூன்று சீட்டாக, கேள்விகள் மட்டும் வேறு வேறாக, வரிசையாக வந்துவிட்டது. சித்தர் ஒரு பாடத்தையும் விடவில்லை. சர்வகலாசாலை எதைக் கேட்டாலும் நாலு மெஹபூப் அலிகள் எங்காவது கிளம்பத்தான் செய்வார்கள். இரண்டரை ரூபாய்ப் புத்தகத்தைத் துண்டு போட்டு, துண்டு ஐந்து ரூபாய்க்கு விற்றிருக்கிறார் மகான். முழுப் புத்தகமும் ஒவ்வொருவன் வீட்டு அலமாரியிலும் பூட்டிக் கிடந்தது!

அங்காளம்மாள் திரையைப் பிடித்து இழுத்தாள். பின்னால் ஒரு மேஜை, அதே புத்தகம், பாதி எழுதி விட்ட ஒரு சீட்டு. பட்டுத்துணியில் சுற்றிய ஓலைக்கட்டை அவிழ்த்துப் பார்த்தால் ஓர் எழுத்து இல்லை. வெற்று ஓலை.

“இத்த வச்சு மீன் கூடைகூட முடைய முடியாதே நைனா!” என்றாள்.

“சித்தர் கோபிப்பார்!” என்று சுவாமிகள் எழுந்தார்.

“எந்தப் பக்கத்துல கோவிப்பாரு? நம்பரைச் சொல்லு!”

கூடமே சிரித்தது. சிரிப்பு வந்த இடத்தில் மகிமைக்கு என்ன வேலை? சண்முகவேல் ஜன்னல் வழியாகப் போனார். சுவாமிகள் கொல்லைப்புறமாகப் போனார், பாதக்குறடுகூட இல்லாமல். இரண்டு தட்டுகளும் தப்பவில்லை; அங்காளம்மாள் அவற்றின்மேல் தன் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். “என் மூக்குத்தி வர்ற வரைக்கும் எய்ந்திருக்க மாட்டேன்.” திரைக்குப் பின்னாலிருந்த மேஜை இழுப்பறையிலிருந்து அது வந்தது.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்து நோரா வாசலுக்கு வந்தாள். கோர்ட் குமாஸ்தா ஒருவர், நெற்றியில் பளிச்சென்று நாமம், ஓட்டமாக வந்து வழிமறித்தார்.

“அந்தப் படவாவை நன்னா மாட்டி வெச்சேள், பேஷ்! எங்காத்துப் பையனும் எழுதறான். நீங்க ஆபீஸ் உத்தியோகம் பண்றவா, நாலும் தெரிஞ்சவா...” குரலைத் தாழ்த்தினார். “எந்தக் கேள்விதான் வரும்? சும்மாச் சொல்லுங்கோ. நான் யார்கிட்டயும் காட்டமாட்டேன்.”

“புஸ்தகத்துலேர்ந்து வரும் சார்.”

“அதான் கேக்கறேன். எந்தப் பக்கம்?”

நோரா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நடந்தாள். விக்டர் அவளை முந்திக்கொண்டு ஓடினான். பரீட்சைக்கு இன்னும் எட்டு நாள்; இருபத்திரண்டு பாடம். அலமாரிச் சாவியை எங்கே வைத்தோம் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. தேடிப் பிடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே முதல் பக்கத்தைத் திறந்துவிட்டான்.

அரிசிக்கு ரேஷன் வந்துவிட்டது. சர்க்கரைக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய்க்கும் வந்துவிட்டது. மூளைக்கு மட்டும் இன்னும் வரவில்லை, ஐயா! கார்டு வேண்டாம், க்யூ வேண்டாம். யுத்தம் முடியட்டும் என்று சேர்த்து வைக்காமல், கொஞ்சம் எடுத்துத்தான் செலவழியுங்களேன்.