சம்பந்தி ஏறினால் நிற்கும் தண்ணீர்

மோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஓட்டையிலிருந்து தண்ணீர் வரவில்லை.

துர்சின்கான் விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. ஏரித் தண்ணீரை உறிஞ்சி, எஞ்சினைக் குளிர வைத்து, அந்த ஓட்டை வழியாகத்தான் மோட்டார் வெளியே விடும். விடாவிட்டால் பத்து நிமிஷத்தில் எஞ்சின் வெந்துபோகும். மீனவர்கள் தங்களுக்குள் இந்த ஓட்டைக்கு ஒரு அசிங்கமான பேர் வைத்திருக்கிறார்கள். சம்பந்தியம்மாவை எதிரே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியுமா?

அதுவும் இன்னும் சம்பந்தியம்மா ஆகாத சம்பந்தியம்மா.

"என்ன, நின்னுட்டோம்?" என்றார் ரைஹான்.

"ஒண்ணுமில்லீங்க. மோட்டார் கொஞ்சம் மூச்சு வாங்குது."

பால்காஷ் ஏரியின் அக்கரையிலிருந்து, மாப்பிள்ளையின் அப்பா ஜக்சிலிக்கும் அம்மா ரைஹானும் முதல் தடவையாகப் பெண் வீட்டுக்கு வருகிறார்கள். இக்கரையில் துர்சின்கானின் மனைவி உல்போசின், ஆட்டு வால் கொழுப்பையும் ஈரலையும் வேகவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். இரண்டு வீட்டாரும் ஒருவருக்கொருவர் அதை ஊட்டி விழுங்கிவிட்டால் மகள் மோல்திரின் கல்யாணம் நிச்சயம். அப்புறம் எவனும் பின்வாங்க முடியாது. விழுங்கும்வரை எது வேண்டுமானாலும் நடக்கலாம். போன வருஷம் வந்த இடம், வீட்டு நாய் மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கடித்ததில் கைநழுவிப் போனது.

இந்தப் பையனோ மோல்திர் தானே பார்த்து ஆசைப்பட்டவன். காலையில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, இந்தத் தடவை எதையும் சொதப்பிடாதீங்க" என்று கண் கலங்கினாள்.

மரியாதையில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டில் சம்பந்திக்கு வாசலிலிருந்து விலகி, உள்ளே தள்ளி, தோர் என்கிற மேலிடம் உண்டு. படகில் தோர் எது? மோட்டார் புகையும் சத்தமும் எட்டாத முன்முனைதான்! அங்கே மூன்று மெத்தை போட்டு, இருவரையும் உட்காரவைத்து, அவர்கள் கொண்டுவந்த சீர்ப் பெட்டியையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஜக்சிலிக் நல்ல வாட்டசாட்டம். ரைஹான் அவருக்குக் கொஞ்சமும் சளைத்தவரில்லை.

ஜக்சிலிக் ஏறியதிலிருந்து வாய் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மோட்டாரையே முறைத்துக்கொண்டிருந்தார்.

துர்சின்கான் ஒரு கம்பியை எடுத்து ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தார். ஒரு திருகு, இரண்டு திருகு. படக்! கம்பி உள்ளேயே முறிந்தது.

"ஐயோ!" என்றார் ஜக்சிலிக்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. வயித்துவலி."

ரைஹான் சட்டென்று கணவர் காதில் என்னவோ முணுமுணுத்தார். திரும்பிப் போய்விடலாம் என்றுதான் சொல்லியிருப்பார், வேறென்ன! முறிந்த துண்டை இடுக்கியால் கவ்வி இழுப்பதற்குள் துர்சின்கானுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பக்கத்து நாணல் திட்டுக்குத் துடுப்புப் போட்டு, விருந்தாளிகளைக் கைத்தாங்கலாக இறக்கினார். மோட்டாரைத் தூக்கி, தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் சுற்றியிருந்த பாசியைப் பிய்த்து எறிந்தார். இறக்கி, கயிற்றை இழுத்தார். மோட்டார் உறுமியது. ஓட்டையிலிருந்து தண்ணீர் ஜோராகப் பீறிட்டது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று குதித்தார் துர்சின்கான். "ஏறுங்க, ஏறுங்க!"

இன்னொரு தடவை மக்கர் பண்ணினால் வேலை பார்க்க இடம் வேண்டுமே என்று நங்கூரத்தையும் கருவிப் பெட்டியையும் எடுத்து முன்பக்கம் வைத்தார். விருந்தாளிகள் தோரில் அமர்ந்தார்கள். படகு கிளம்பியது. இருநூறு அடி போவதற்குள் தண்ணீர் சொட்டுச் சொட்டாகி, சுத்தமாக நின்றது.

மறுபடி திட்டு. மறுபடி கைத்தாங்கல். இந்தத் தடவை மோட்டாரின் அடிப்பாகத்தையே கழற்றினார். தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, கைவசமிருந்த புதுசை மாட்டினார். நாலு போல்ட்டில் ஒன்று சேற்றில் விழுந்து மறைந்தது. கரையில் நின்ற ஜக்சிலிக் முகத்தை மூடிக்கொண்டார்.

"தலைவலிங்களா?"

"இல்லை... வெயில்."

வானம் மூடிக்கிடந்தது. சூரியனைக் காலையிலிருந்தே காணோம். துர்சின்கான் கயிற்றை இழுத்தார். தண்ணீர் வந்தது! விருந்தாளிகள் ஏறினார்கள். நின்றது!

துர்சின்கான் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலையில் தனியாக வந்தபோது தண்ணீர் நிற்கவே இல்லை. சம்பந்தி இறங்கினால் வருகிறது, ஏறினால் நிற்கிறது. யா அல்லா, இது சகுனமா? வாயில்லா மோட்டார்கூட இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்கிறதா? மோல்திருக்கு என்ன பதில் சொல்வது?

ஜக்சிலிக் கனைத்தார். "நான் வேணா கொஞ்சம் எழுந்து..."

ரைஹான் பலமாக இருமினார். ஜக்சிலிக் வாயை மூடிக்கொண்டார்.

துர்சின்கான் பதறிப்போனார். விருந்தாளி தானாகத் தோரை விட்டு எழுந்தால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். நாயாவது கடித்துவிட்டுத்தான் கெடுத்தது. இங்கே கடி இல்லாமலே கெடப்போகிறது!

"ஐயோ, எழுந்திருக்காதீங்க! மெத்தை குத்துதா? இந்தாங்க!" என்று தன் கனத்த தோல் கோட்டைக் கழற்றி, அதையும் அவருக்கு அடியில் திணித்தார். முன்முனை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது.

மேற்கிலிருந்து காற்று கிளம்பியது. அலை எழும்பியது. ஆனது ஆகட்டும் என்று மோட்டாரை முடுக்கினார். தீய்ந்த நாற்றம் வந்தது. புகை வந்தது. கடைசியில் கிறீச்சென்று ஒரு சத்தம் வந்து, மோட்டார் அடங்கியது. ஜக்சிலிக்கின் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. துர்சின்கான் அதைப் பார்த்துவிட்டு, இனி நம்பிக்கையே இல்லை என்று முடிவு கட்டினார்.

இரண்டு மணி நேரம் ஒற்றை ஆளாகத் துடுப்புப் போட்டார். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

வீட்டில் உல்போசின் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். துர்சின்கான் கொழுப்பும் ஈரலும் எடுத்து ஜக்சிலிக்கின் வாயருகே நீட்டினார். ஜக்சிலிக் மனைவியைப் பார்த்தார். மனைவி தலையாட்டினார். அவர் வாயைத் திறந்தார்.

மென்றார். விழுங்கினார். ரைஹானும் விழுங்கினார். திருப்பி அவர்கள் ஊட்டியதைத் துர்சின்கான் மெல்லாமலே விழுங்கினார். உல்போசின் வழக்கப்படி கைநிறைய மிட்டாய்களை அள்ளி எல்லார் தலையிலும் வீசினாள். கதவுக்குப் பின்னால் மோல்திர் அழுதுகொண்டே சிரித்தாள்.

"மோட்டார் என் மானத்தை வாங்கிடுச்சு சம்பந்தி. மன்னிச்சுக்குங்க" என்றார் துர்சின்கான்.

ஜக்சிலிக் துள்ளி எழுந்தார். "யோவ் சம்பந்தி, ஸ்பானர் எங்கேய்யா?"

"உங்களுக்கெதுக்குங்க ஸ்பானர்?"

பதில் ரைஹானிடமிருந்து வந்தது. "இருபத்தாறு வருஷமா இவருக்குப் படகு மோட்டார் ரிப்பேர்தாங்க பொழப்பு. முன்னாடி கனம் ஏறினதுல பின்னாடி மோட்டார் சல்லடை தண்ணிக்கு மேல தூக்கிக்குது, நாம பின்னாடி போய் உட்கார்ந்தாப் போதும்னு முதல் தடவை திட்டுல இறங்கினப்பவே எங்கிட்ட சொல்லிட்டார். ஈரல் உள்ள போறதுக்கு முன்னாடி நாங்களாத் தோரை விட்டு எழுந்தா உங்க பொண்ணு எங்களுக்குக் கிடைக்காமப் போயிடுமேன்னு நான்தான் அவரைக் கிள்ளிக் கிள்ளி உட்காரவச்சுக் கூட்டிட்டு வந்தேன்!"