வெற்றுச் சுவரில் ஒரு படகு

ஒரு ஊரிலே ஒரு மழை இருந்ததாம். மழைக்கு நடுவிலே ஒரு ஏரி, ஏரிக்கரையிலே ஒரு ஓவியக்கூடம். அதற்குள்ளே ஞாயிறுதோறும் முழங்கையை நீட்டியபடி நடக்கிற ஒரு புருஷன். யாருக்கோ நடந்த கதை என்று சொல்லிவிட ஆசைதான். முழங்கை என்னுடையது.

என் பெயர் தெப்பெய். பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லும் கைப்பேசிச் செயலிகள் செய்து பிழைக்கிறேன். என் மனைவி இபுகிக்குப் பார்வை குளிர்கால மாலை மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, நான்கு வருஷம் முன்பு முழுசாகப் போய்விட்டது. அழுதது நான்தான். அவள் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்து, உடம்பு பிடித்துவிடும் வைத்தியம் படித்து, வேலைக்கும் போய்விட்டாள். ஊரில் பாதி முதுகுகளின் ரகசியம் இன்று அவள் விரல்களுக்குத் தெரியும்.

அவள் கடைசியாகக் கண்ணால் பார்த்த ஓவியம் அந்தக் கூடத்தின் வடக்குச் சுவரில் இருந்தது. மூடுபனியில் ஒரு படகு. வேறொன்றும் இல்லை. அதற்காகத்தான் ஞாயிறுதோறும் போவோம். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். நான் படங்களைச் சொல்ல வேண்டும்.

ஓவியம் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே பேச முடியாது. மூலையில் நாற்காலி போட்டு, மடியில் கம்பளி விரித்து, ஒரு காவல் அம்மாள் உட்கார்ந்திருப்பார். என் குசுகுசுப்பு ஒரு நூல் உயர்ந்தால் எழுந்து வந்து, குனிந்து வணங்கி, 'அமைதி' என்ற அட்டையைக் காட்டுவார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன், வணங்கினால் என்ன செய்ய? ஆகவே எல்லாப் படத்துக்கும் மூன்றே சொற்கள் வைத்திருந்தேன். மலை. மூடுபனி. பறவை.

"போன வாரமும் பறவைதானே?" என்பாள்.

"அதே பறவைதான். பறந்து இங்க வந்திருக்கு."

இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிறு, வடக்குச் சுவருக்குப் போனால் படகைக் காணோம். செப்பனிட எடுத்துப் போயிருந்தார்கள். ஆணி இருந்தது, கீழே சிவப்பாக ஒரு தீயணைப்பான் இருந்தது. "இருக்கா?" என்றாள் இபுகி. "இருக்கு" என்றது என் நாக்கு.

பொய்யை வளர்ப்பது பூனை வளர்ப்பது மாதிரி. வாராவாரம் தீனி போட வேண்டும். ஒரு வாரம் படகில் ஒரு கிழவனை ஏற்றினேன். இன்னொரு வாரம் நனைந்த நாய் ஒன்று. போன மழைக்காலத்தில், குடையை விரிக்கப் பார்க்கிற ஒரு பெண். படகோ திரும்பி வரவே இல்லை.

நவம்பரில் ஒரு ஞாயிறு, காலுறை சொட்டச் சொட்ட வீடு திரும்பினேன். கொதாத்சு என்கிற, அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டினேன். அந்தச் சூட்டில்தான் சபதம் பிறந்தது. படங்களைத் தானாகவே பேசும் செயலி ஒன்று செய்வது. இபுகி தனியாகப் போய்க் கேட்பாள். நான் இங்கேயே கிடப்பேன்.

"குரல் அங்க போகட்டும், உடம்பு இங்க இருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டேன். அடுப்படியில் இபுகி முள்ளங்கி நறுக்கிய கத்தி ஒரு நொடி நின்று, மறுபடி நறுக்கியது. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

ஓவியக்கூடப் பொறுப்பாளர் உகாய்-சான், அதாவது உகாய் அவர்கள், யோசனையைக் கேட்டு மகிழ்ந்துபோனார். முதியோருக்குப் பெரிய எழுத்து, காது கேளாதவர்களுக்குச் சைகைப் படம், சக்கர நாற்காலிக்குப் படியில்லாத வழி என்று எல்லாம் சேர்த்தேன். என் முதல் வடிவத்தை இபுகி கையில் வாங்கித் தடவிவிட்டு, கண்ணாடி முழுக்க வழவழவென்று இருக்கிறதே, இதில் எதை அமுக்குவது, உங்கள் அம்மாவின் சமாதிக் கல்லில்கூட எழுத்து தட்டுப்படுமே என்றாள். அதன்பிறகு படம் இடப்பக்கம் என்றால் ஒரு அதிர்வு, வலப்பக்கம் என்றால் இரண்டு என்று மாற்றினேன். குரல் மட்டும் என்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். பெருமையாக இருந்தது. மெத்தை வைக்கும் அலமாரிக்குள் புகுந்து, உகாய்-சான் எழுதித் தந்த நாற்பத்திரண்டு படங்களையும் பன்னிரண்டு நாள் மூச்சு முட்ட வாசித்துப் பதிந்தேன்.

கடைசி நாள்தான் கவனித்தேன். பட்டியலில் படகு இல்லை. வடக்குச் சுவரில் செயலி வாய் திறக்காவிட்டால், இரண்டு வருஷமாக வெற்றுச் சுவரைக் காட்டிப் பேசியவன் நான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். படகு என்றால் அவளுக்கு வெறும் படகா? யாரிடமும் சொல்லாமல் நாற்பத்து மூன்றாவதாக ஒன்றைப் பதிந்தேன். படகு, கிழவன், நாய், குடைப் பெண்.

சோதனை நாள் வந்தது. இபுகி மட்டும் வருவாள் என்று நினைத்தேன். பள்ளித் தோழர்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தாள். ஆறு வெள்ளைக்கோல், ஆறு கைப்பேசி. ஆறு பேரும் படம் படமாக நின்று கேட்டு நகர்ந்தார்கள். காவல் அம்மாள் அட்டையை எடுக்கவே இல்லை. அந்த வெற்றியை ஏறக்குறைய கால் மணி நேரம் அனுபவித்தேன்.

பிறகு ஆறு பேரும் வடக்குச் சுவரை அடைந்தார்கள். வரிசையாக நின்றார்கள். ஒரு ஆணிக்கும் ஒரு தீயணைப்பானுக்கும் முன்னால் தலை தாழ்த்தி, கோவிலில் நிற்பதுபோல் நின்றார்கள். வயதில் மூத்த கொமாகி-சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த நாய்" என்றார்.

உகாய்-சான் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சுவாரசியமாக இருக்கிறது, செயலியைப் பற்றி யோசித்துச் சொல்கிறோம் என்றார். எங்கள் ஊரில் யோசித்துச் சொல்கிறோம் என்றால் சாவுச் செய்தி.

அப்போதுதான் இபுகி காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.

"அங்க படம் இல்லைன்னு எனக்குத் தெரியும், உகாய்-சான். ரெண்டு வருஷமாவே தெரியும்."

எப்படி என்றேன்.

"இந்த இடத்துக்கு வந்தா உங்க முழங்கை கல்லு மாதிரி இறுகும். முதுகைத் தொட்டே மாமியார் சண்டையைக் கண்டுபிடிக்கிறவ நான். முழங்கையில இருக்கிற பொய் தெரியாதா?"

"அப்ப ஏன் வாராவாரம் வந்தே?"

"மத்த நாற்பத்திரண்டு படத்துக்கும் மலை, பனி, பறவைன்னு முடிச்சிடுவீங்க. இங்க மட்டும்தான் நல்லா சொன்னீங்க. அடுத்த வாரம் படகுல யார் ஏறுவாங்கன்னு கேக்கத்தான் வந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவள் உகாய்-சானிடம் அமைதியாகச் சொன்னாள். நாற்பத்திரண்டு படங்களுக்குச் செயலி போதும், அதைக் கைவிட வேண்டாம். இல்லாத படத்தைச் செயலியில் வைப்பது தப்பு, அதை மட்டும் எடுத்துவிடலாம். படகு திரும்பி வரும்வரை இந்தச் சுவருக்கு ஒரு ஆள் வேண்டும். ஞாயிறு பத்து முதல் நான்கு வரை, சம்பளமில்லாத் தொண்டு. சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தாளை எடுத்து நீட்டினாள். அதில் என் பெயர். பக்கத்தில் சிவப்பாக, நேராக, எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற என் முத்திரை. முத்திரைக் கட்டையின் தலைப்பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. எது மேல்பக்கம் என்று விரலுக்குத் தெரியும்.

தேதியைப் பார்த்தேன். முள்ளங்கி நறுக்கிய அந்த நவம்பர் ஞாயிறு.

உகாய்-சான் இந்த முறை யோசிக்கவில்லை. குனிந்து வணங்கி ஏற்றுக்கொண்டார். கொமாகி-சான் தடவித் தேடி என் வலது முழங்கையைப் பிடித்தார். இன்னொருவர் இடதை. நாய்க்கு இன்றைக்கு யாராவது சோறு போட்டார்களா என்று கேட்டார்.

இபுகி கருவியை மறுபடி காதில் மாட்டிக்கொண்டாள். தன் கைப்பேசியில் மட்டும் நாற்பத்து மூன்றாவதை விட்டுவைக்கச் சொன்னாள். விட்டேன்.

"நீ எங்க போறே?" என்றேன்.

"வீட்டுக்கு. கால் சில்லிட்டுப் போச்சு, கொதாத்சுல நீட்டணும். குரல் என்கூட வருதே. உடம்பு இங்கயே இருக்கட்டும்."

வெள்ளைக்கோல் தட்டிக்கொண்டே கதவைத் தாண்டி மழைக்குள் போனாள்.