மேல்வரி

“என் சாவுல ஒருத்தர் சிரிச்சாலும் சரி, நேரா எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள் மனைவி, ஒப்பனைக் கண்ணாடியில் கண் மையைச் சரிசெய்தபடி.

கணவன் தலையாட்டினான். அந்த ஓபரா அரங்கில் அவனுக்குப் பெயரே மேல்வரிதான். மேடையில் இத்தாலிய மொழியில் பாடுவதை, மேலே தொங்கும் மின்பலகையில் தமிழில் ஓடவிடுவது அவன் வேலை. அரசாங்கம் போடும் மேல்வரிக்கு இருக்கும் அதே மரியாதை இதற்கும் இருந்தது.

மனைவி கதாநாயகி. மூன்றாம் அங்கத்தில் நெஞ்சில் கத்தியைச் செருகிக்கொண்டு, அதன் பிறகு நிதானமாக ஒரு பாட்டு முழுக்கப் பாடிவிட்டுச் சாவாள். மருத்துவர்கள் யாரும் இதற்கு இன்னும் விளக்கம் தரவில்லை.

வெளியே வந்தால் மேனேஜர்.

“யோவ் மேல்வரி, ஓபரான்னாலே ஜனங்க பயந்து ஓடுறாங்க. காமெடி கலந்து குடு. இன்னிக்கு ஹால் சிரிக்கணும். இல்லன்னா அடுத்த வாரம் இடத்தைச் செருப்புக் கண்காட்சிக்கு விட்டுடுவேன்.”

“சோகக் கதை சார் இது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். சோகத்துக்கு எவன்யா டிக்கெட் வாங்குவான்? வீட்டுலயே கிடைக்குதே.”

மேல்வரி பாகப்பிரிவினை செய்தான். முதல் இரண்டு அங்கமும் மேனேஜருக்கு. மூன்றாவது மனைவிக்கு.

அவனுடைய கூண்டு மேடையின் பக்கவாட்டில், படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் பாடுகிறவர்களின் முழங்கால் தெரியும். பலகையும் தெரியாது, ஜனங்களும் தெரியமாட்டார்கள். சத்தம் மட்டும் வரும்.

திரை விலகியது. கதாநாயகன் மாடத்துக்குக் கீழே நின்று நிலவைக் கூப்பிட்டான். மேல்வரி தட்டினான்: ‘கீழே குளிருது. கதவைத் திறந்தா மிச்சத்தை உள்ளே வந்து பாடுறேன்.’

சிரிப்புக்காகக் காத்திருந்தான். யாரோ இருமினார்.

இன்டர்காம் கரகரத்தது. “என்னய்யா, வெளியே டிக்கெட் கவுன்டர்ல நிக்கிறேன், ஒரு சத்தமும் வரல. உள்ள ஆள் இருக்காங்களா இல்லையா?”

“இருமுறாங்க சார்.”

“இருமலுக்கா உனக்குச் சம்பளம் குடுக்கறேன்?”

கதாநாயகியின் அப்பா மேடைக்கு வந்து காதலைக் கண்டித்து முழங்கினார். மேல்வரி துணிந்தான்: ‘மாப்பிள்ளைக்குத் தொண்டை இருக்கு. வேலை இருக்கா?’

இம்முறை ஒரு கொட்டாவி கேட்டது. அதுவும் ராகத்தோடு.

கூண்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு எலக்ட்ரீஷியன் தலையை நீட்டினார். “சார், ஒரு விஷயம்...”

“இப்ப வேணாம்ணே. எழுதற ஜோக் எல்லாம் கிணத்துல போட்ட கல்லா இருக்கு.”

“அதில்ல சார்...”

“அப்புறம்ணே.” கதவைச் சாத்தினான்.

மூன்றாம் அங்கம். வேலை போனாலும் போகட்டும், பெண்டாட்டி மிஞ்சட்டும் என்று கேலி அத்தனையையும் அழித்தான். கத்தி பாய்ந்தது. மனைவியின் முழங்கால்கள் தரைக்கு வந்தன.

“மோரோ...” என்று இழுத்தாள்.

‘சாகிறேன்’ என்று அர்த்தம். அதையே போட்டான்.

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

“அப்படிப் போடு” என்றது இன்டர்காம்.

மேல்வரிக்கு வியர்த்தது. வார்த்தை கொச்சையாகிவிட்டதோ? மாற்றினான்: ‘இவ்வுலகை நீங்குகிறேன்.’

“மோரோ... மோரோ...”

சிரிப்பு அலை அலையாக வந்தது. இன்னும் கனம் சேர்த்தான்: ‘என் ஆவி பிரிகின்றது.’ யாரோ நாற்காலியோடு சாய்ந்த சத்தம் கேட்டது. கடைசியில் பலகையில் ஓர் எழுத்தும் இல்லாமல் துடைத்தான். மனைவி உச்சத்தில் நின்று “மோரோ... ஓ... ஓ...” என்று உயிரை விட்டாள். விசில் பறந்தது.

“தினமும் இதே மாதிரி சாகச் சொல்லுய்யா” என்றார் மேனேஜர். வேலை நிலைத்தது.

மனைவி நெஞ்சில் கத்தியோடு கூண்டுக்கு வந்தாள்.

“என்ன எழுதித் தொலைச்சீங்க?”

“சாகிறேன்னுதான்மா எழுதினேன். வேற ஒண்ணும் இல்ல.”

அவள் முகம் வாடியது. “அப்ப என் பாட்டைக் கேட்டுத்தான் சிரிச்சாங்களா?”

அவள் கண்ணில் பெட்டி படுக்கை தெரிந்தது. மேல்வரி பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். “இல்லம்மா. பொய் சொல்லிட்டேன். கேலியா ரெண்டு வரி போட்டேன். சிரிச்சது பலகையைப் படிச்சுத்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா. உன் பாட்டை ஒருத்தர் காதுலகூட வாங்கல.”

இது ஆறுதலா அவமானமா என்று அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கத்தியைப் பிடுங்கி மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “சரி, இந்த ஒரு தடவை விட்டுடறேன்.”

கதவு திறந்தது. கையில் பெரிய டம்ளரோடு எலக்ட்ரீஷியன் நின்றார்.

“போர்டு முதல் பாட்டுலயே அணைஞ்சுபோச்சுன்னு சொல்லத்தான் சார் வந்தேன், நீங்க விரட்டிட்டீங்க; அது கிடக்கட்டும், குத்துப்பட்டுக் கிடக்கிற அம்மா மோரு மோருன்னு அவ்வளவு நேரம் கத்துறாங்க, ஹாலே சிரிக்குதே தவிர ஒருத்தர் எழுந்து போய்க் குடுக்கல... இந்தாங்கம்மா, உப்புப் போட்டே வாங்கிட்டு வந்திருக்கேன்.”